பேரைப் பார்த்துப் பூர்வீகம் சொல்லாதீங்க!



'நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது' என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அதே ஊரில் ஒரு புதுப் பையன் வந்து நின்றால் முதல் கேள்வி 'பேரு என்ன தம்பி?', இரண்டாவது 'அப்பா பேரு?', மூன்றாவது 'எந்த ஊரு?', நாலாவது 'ஊருல எந்தப் பக்கம்?'. அவ்வளவுதான். ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாலு கேள்விக்குள் அவனுடைய பூர்வீகம் முழுக்கத் தெரிந்துவிட்டதாக நினைப்பு. அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும். சிலருக்கு மரியாதை ஏறும். சிலருக்கு இறங்கும்.

அதிலும் இப்போது எல்லாப் பேரும் இங்கிலீஷில் எழுதப்படுவதால், எழுத்தைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்லும் நிபுணர்கள் பெருகிவிட்டார்கள். 'டபிள்யூ போட்டிருக்கான், அப்ப இவன் இன்னாராகத்தான் இருக்கணும்', 'இரட்டை எஸ் போட்டிருக்கு, வேற மதமோ?', 'நாயுடுன்னா தெலுங்குதானே?' என்று விடுதித் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: பேரையும் அதன் எழுத்தையும் வைத்துப் போடும் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு. தப்பாக இல்லாவிட்டாலும் தேவையில்லாதது. தப்பு என்பதை முதலில் காட்டுகிறேன். தேவையில்லாதது என்பதைக் கடைசியில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

ஒரே முத்துசாமி, ஊருக்கு ஒரு எழுத்து

முத்துசாமி என்று ஒரு பேரை எடுத்துக்கொள்வோம். தமிழில் எழுதினால் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது. இங்கிலீஷில் எழுதச் சொன்னால் வேடிக்கையைப் பாருங்கள். ஒருவர் 'சாமி'யை எஸ்-ஏ-எம்-ஒய் என்று முடிப்பார். இன்னொருவர் எஸ்ஸுக்கும் ஏவுக்கும் நடுவில் ஒரு டபிள்யூ சேர்ப்பார். தெற்குச் சீமையில் 'முத்துச்சாமி' என்று அழுத்திச் சொல்வதால் சி-எச் போடுவார்கள். மூன்று பேரும் ஒரே தெருவில்கூட இருக்கலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பியாகக்கூட இருக்கலாம்.

இதே முத்துசாமி பாண்டிச்சேரிப் பக்கம் போனால் பிரெஞ்சு எழுத்து முறைக்குள் போய்விடுகிறார். பிரெஞ்சில் 'உ' ஒலிக்கு ஓ-யு என்று இரண்டு எழுத்து வேண்டும். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் அதை 'இசட்' மாதிரி உச்சரிப்பார்கள். சாமி 'ஸாமி'யாகவே இருக்க வேண்டும் என்றால் இரட்டை எஸ் போட்டாக வேண்டும். ஆக, அந்த இரட்டை எஸ்ஸுக்கும் மதத்துக்கும் சாதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பிரெஞ்சு இலக்கணம், அவ்வளவே.

1854-ல் தொடங்கி பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியக் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுக்கு நம் ஜனங்கள் போனார்கள். அந்தத் தீவிலிருந்து 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் பேர் ஏர்னஸ்ட் முத்துசாமி. அவர் பேரை எழுதுவது எம்-ஓ-யு-டி-ஓ-யு-எஸ்-எஸ்-ஏ-எம்-ஒய். அதைப் பார்த்து எந்த ஊர்க்காரர் என்று நம்ம விடுதி நிபுணர்கள் சொல்லட்டும் பார்க்கலாம்! மொரிஷியஸ் தீவில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் தற்காலிகக் குடியரசுத் தலைவராக இருந்தவர் பேரைப் பத்திரிகையில் பார்த்தால் ஏதோ இத்தாலிக்காரர் போல இருக்கும். வி-ஒய்-ஏ-பி-ஓ-ஓ-ஆர்-ஒய். வாய்விட்டுப் படித்தால்தான் தெரியும், அது நம்ம வையாபுரி!

எழுத்து நம்முடையது அல்ல

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் யாருடைய முட்டாள்தனமும் இல்லை. தமிழில் 'க' என்ற ஒரே எழுத்து இடத்துக்குத் தகுந்தபடி மூன்று ஒலி தரும். ச, ட, த, ப எல்லாம் அப்படித்தான். இங்கிலீஷில் அந்த ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. எதைப் போடுவது என்று விதி கிடையாது. 'த'வுக்கு நாம் டி-எச் போடுகிறோம், வடக்கே வெறும் டி போதும். அதனால்தான் நம்ம ஊர் கீதாவுக்கும் வடநாட்டு கீதாவுக்கும் ஒரு எச் வித்தியாசம்.

'ழ'வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாம் ஒரு இடத்தில் இசட்-எச் போடுகிறோம், இன்னொரு இடத்தில் எல் போடுகிறோம். பழைய பிரெஞ்சுப் பகுதியில் அதற்கு 'ஜே' போடுவார்கள். பழனிவேல் என்ற பேரை அங்கே எழுதினால் நம் கண்ணுக்குப் 'பஜனிவேல்' என்று தெரியும். விவரம் தெரியாதவர்கள் 'வடக்கத்திப் பையன் போல' என்று முடிவு கட்டுவார்கள். அவன் வாய் திறந்தால் நம்மைவிட நல்ல தமிழ் வரும்!

உயிரெழுத்தும் அப்படியே. பழைய வெள்ளைக்காரர் காலத்தில் 'உ' வந்தால் இரட்டை ஓ போடுவார்கள். இலங்கையில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பேர் சி-ஓ-ஓ என்று தொடங்கும். இங்கே அதே குமாரசாமி கே-யு என்று தொடங்குகிறார். பேர் ஒன்றுதான், காலமும் இடமும் வேறு.

'படித்தவர்கள் உட்கார்ந்து ஒரே முறையாக எழுத வைத்தால் சரியாகிவிடுமே' என்று கேட்கலாம். அதையும் பார்த்தாகிவிட்டது. 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூரும் வேலூரும் புதிய எழுத்தில் வந்ததைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். சில நாட்களிலேயே ஆணை வாபஸ். ஊர்ப் பேருக்கே இந்தக் கதி என்றால், அவசரத்தில் ஒரு எழுத்தர் எழுதிய ஆள் பேரை வைத்து வம்சாவளி சொல்வது எப்படி?

இனிஷியலும் ஏமாற்றும்

நமக்கு வெள்ளைக்காரர் மாதிரி குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல். இது புரியாமல் உலகமே தடுமாறியிருக்கிறது.

சர் சி.வி. ராமன் 1930-ல் நோபல் பரிசு வாங்கினார். 1983-ல் எஸ். சந்திரசேகர் வாங்கினார். சந்திரசேகர், ராமனுடைய சொந்த அண்ணன் மகன். இங்கிலாந்தில் பிறந்திருந்தால் இருவருக்கும் ஒரே குடும்பப் பேர் இருந்திருக்கும். இங்கேயோ, ராமனுடைய 'சி' என்பது அவர் அப்பா சந்திரசேகரன் பேர். அந்தத் தாத்தா பேரையே பேரனுக்கு வைத்தார்கள். பேரனின் 'எஸ்' அவர் அப்பா சுப்பிரமணியன். பேரை மட்டும் பார்த்து 'இவர்கள் உறவு' என்று யாராலும் சொல்ல முடியுமா?

சதுரங்கத்தில் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டில் செல்லமாக 'விஷி' என்கிறார்கள். அது அவர் அப்பா பேரிலிருந்து பிடித்த செல்லம்! இன்னும் ஒரு வேடிக்கை. ஆர். பிரக்ஞானந்தா, டி. குகேஷ் இரண்டு பேரும் சென்னைப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு எழுத்து. பிரக்ஞானந்தாவின் 'ஆர்' அப்பா ரமேஷ்பாபு. 2024-ல் உலக சாம்பியன் ஆன குகேஷின் 'டி' அப்பா பேர் இல்லை. அப்பா பேர் ரஜினிகாந்த். 'டி' என்பது தொம்மராஜு என்கிற குடும்பப் பேர். பார்க்க ஒரே மாதிரி எழுத்து, உள்ளே இரண்டு வேறு வழக்கம்.

பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் ஆட்கள் அதில் அப்பா பேரை நிரப்புகிறார்கள். அப்புறம் அப்பாவும் மகனும் சேர்ந்து வெளிநாடு போனால் இருவருக்கும் வேறு வேறு சர்நேம். 'இவர் உன் சொந்த அப்பாவா?' என்று ஒரு பார்வை பார்க்கத்தான் செய்வார்கள். அவர்கள் வழக்கத்தில் நம்மை அளந்தால் அப்படித்தான் வரும்.

ஒரே பேர் என்றால் ஒரே குடும்பமா?

நம் கிராமங்களில் இன்றைக்கும் இந்திரா காந்தியை மகாத்மா காந்தியின் மகள் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் நேருவின் மகள். 1942-ல் பெரோஸ் காந்தியைக் கல்யாணம் செய்ததால் வந்த பேர் அது. பெரோஸ் பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். மகாத்மாவுக்கு எந்தவித உறவும் இல்லை. குஜராத்தில் காந்தி என்பது மளிகை வியாபாரத்தைக் குறிக்கும் பேர். பார்சிகளிலும் உண்டு, இந்துக்களிலும் உண்டு.

தென்னாப்பிரிக்காவுக்குப் போவோம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பேர், அப்பா பேர், வயது, சாதி, ஜில்லா, கிராமம் என்று பட்டியல். எழுதிய எழுத்தருக்குக் காதில் விழுந்ததுதான் எழுத்து. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். முனுசாமியில் நடு எழுத்து போய் 'முன்சாமி' ஆகிவிட்டார். ஒரு தாத்தாவின் சொந்தப் பேர் அவர் சந்ததி முழுவதுக்கும் குடும்பப் பேராக நின்றுவிட்டது. கடல் தாண்டியபோது பழைய பட்டத்தைப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். யாருக்குத் தெரியப் போகிறது? அங்கே எல்லோரும் கரும்பு வெட்டத்தானே போனார்கள்!

காந்தியடிகளின் போராட்டத்தில் முன்னணியில் நின்று பலமுறை ஜெயிலுக்குப் போனவர் தம்பி நாயுடு. நாயுடு என்றால் தெலுங்கு என்று நாம் முடிவு கட்டுவோம். காந்தியடிகள் தம் நூலில் அவரை மொரிஷியஸில் பிறந்த தமிழர் என்றுதான் எழுதியிருக்கிறார். அதே போராட்டத்தில் உயிரை விட்ட தில்லையாடி வள்ளியம்மையை எல்லோருக்கும் தெரியும். தில்லையாடியில் பிறந்தவர் என்றுதானே நினைக்கிறோம்? அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்! 1914 பிப்ரவரி 22-ல் கண்மூடியதும் அந்த மண்ணிலேயே. தில்லையாடி அவர் பெற்றோர் வழி ஊர். பேரோடு ஒட்டிய ஊர்கூடப் பிறந்த ஊர் என்று உறுதி சொல்லாது.

டபிள்யூ செய்த வேலை

'சரிப்பா, இதெல்லாம் சுவாரஸ்யமான தகவல். இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்பீர்கள். நஷ்டம் எங்களைப் போன்றவர்களுக்கு.

எங்கள் வீட்டில் முதலில் பாலிடெக்னிக் வாசல் மிதித்தவன் நான். அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போட வரும், இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. அவர் பேரை இங்கிலீஷில் எழுதியது யார் யாரோ. பள்ளிக்கூடச் சேர்க்கையில் ஒருவர் எஸ்-ஏ என்று எழுதினார். ஆதார் எடுத்த முகாமில் வேறொருவர் டபிள்யூ சேர்த்தார். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் சி-எச். 'சரியா இருக்கா பாருங்க' என்று அப்பாவிடம்தான் காட்டினார்கள். அவர் தலையாட்டினார். வேறென்ன செய்வார்? படித்த குடும்பத்தில் அப்பாவோ சித்தப்பாவோ பார்த்துத் திருத்திவிடுவார்கள். எங்கள் மாதிரி வீடுகளில் பேரே அடுத்தவர் பேனாவில்தான் பிறக்கிறது.

ஒரு கம்பெனியில் பயிற்சிக்கு நேர்காணல். என் காகிதங்களைப் பார்த்தவர் டபிள்யூ இருந்த காகிதத்தை முதலில் பார்த்தார். முகம் மலர்ந்து, 'உங்க பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கமா? தாத்தா கோயில் காரியம் பண்ணினாரோ?' என்றார். 'இல்லீங்க சார், தாத்தா செங்கல் சூளையில் வேலை பார்த்தார்' என்றேன். அடுத்த காகிதத்தைப் புரட்டினார். அதில் டபிள்யூ இல்லை. அதற்கப்புறம் 'உங்க' என்பது 'உன்' ஆகிவிட்டது. லேத்தைப் பற்றியோ வெல்டிங்கைப் பற்றியோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒரு டபிள்யூ ஏற்றிய மரியாதையை ஒரு செங்கல் இறக்கிவிட்டது!

அந்த டபிள்யூவை நாங்கள் போடவில்லை. அது கொண்டுவந்த மரியாதையும் எங்களுடையது இல்லை. அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. தொழில் கேள்வி வராமல் போனதுதான் வருத்தம்.

மாற்றுக் கட்சிக்குப் பதில்

'வேரைத் தெரிந்துகொள்வது தப்பா?' என்று சிலர் கேட்பார்கள். தப்பே இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் பலர் தங்கள் பாட்டன் ஊரைத் தேடி இங்கே வருகிறார்கள். கண்ணீர் வரவைக்கும் விஷயம் அது. ஆனால் அவர்கள் குடும்பப் பேரின் எழுத்தை நம்பி வருவதில்லை. கப்பல் பட்டியலில் இருக்கும் எண்ணையும் கிராமத்தின் பேரையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். தன் வேரைத் தானே தேடுவது வேறு. அடுத்தவன் வேரை அவனைக் கேட்காமல் தோண்டுவது வேறு.

இன்னும் சிலர், 'சாதி பார்க்கக் கூடாதுன்னா சாதிச் சான்றிதழ் எதுக்கு வாங்குறே?' என்று மடக்குவார்கள். சான்றிதழ் அரசாங்கத்துக்கும் எனக்கும் உள்ள விஷயம். காலம் காலமாக இறக்கி வைத்ததை ஈடுகட்டச் சட்டம் கொடுத்த காகிதம். அதை அலுவலகக் கவுண்டரில் கொடுக்கிறேன். விடுதி அறையிலோ சாப்பாட்டு வரிசையிலோ நேர்காணலிலோ என் பேரைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் அது அனுமதிச் சீட்டு இல்லை.

1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதைக் கேட்டுப் பெரிய மனிதர்கள் பலர் வாலை வெட்டிக்கொண்டார்கள். இந்தியாவில் பல மாநிலங்களில் இன்றும் பேரோடு சாதி ஒட்டிக்கொண்டு வருகிறது. நம்மிடம் வெறும் பேரும் ஒரு இனிஷியலும்தான். எவ்வளவு பெரிய சொத்து! தாத்தாக்கள் வெட்டி எறிந்த வாலை நாம் இனிஷியலுக்குள்ளும் டபிள்யூவுக்குள்ளும் தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு என்ன மரியாதை?

என்ன செய்யலாம்?

நண்பர்களே! பேசிவிட்டுப் போவது சுலபம். நம்மால் ஆகக்கூடியது நான்கு.

ஒன்று: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் எழுத்தையே எல்லா இடத்திலும் பயன்படுத்துங்கள். டிப்ளமோவும் அதைப் பார்த்துத்தான் வரும். நாமினல் ரோல் என்கிற பெயர்ப் பட்டியல் கையெழுத்துக்கு வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அப்புறம் பேரை மாற்ற வேண்டுமானால் அரசிதழ் வரைக்கும் அலைய வேண்டி வரும்.

இரண்டு: லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டிலும் தெருவிலும் இருக்கிறவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து ஒத்துப்போகாமல் பென்ஷனுக்கும் பணத்துக்கும் அலைகிற கிழவிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நாம் படித்த இங்கிலீஷ் அவர்களுக்கு உதவட்டும்.

மூன்று: 2021-ல் தமிழக அரசு, தமிழில் பேர் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணை போட்டது. நல்ல காரியம். நம் பேர் ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரே எழுத்து தமிழ் எழுத்து. முதலில் அதில் எழுதுவோம். இங்கிலீஷ் அடுத்தது.

நான்கு: புது மாணவன் வந்தால் பேரைக் கேளுங்கள். கேட்டதும் அந்தப் பேரைச் சரியாகக் கூப்பிடப் பழகுங்கள். அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்று நாக்கு அரித்தால், 'சாப்பிட்டியா?' என்று கேளுங்கள்.

வெர்னியர் காலிப்பரில் நீளம் அளக்கலாம், ஆளை அளக்க முடியாது. அதேபோல எழுத்தில் உச்சரிப்பை அளக்கலாம், பிறப்பை அளக்க முடியாது. எந்தக் கருவி எதை அளக்கும் என்று தெரிந்துகொள்வதுதானே நாம் இங்கே மூன்று வருஷம் படிக்கிற படிப்பு?

சிந்திப்போம், தோழர்களே!